ரேம் 16 ஜிபி சரி... போன் எத்தனை வருஷம் வரும்? ஐபோன் - ஆண்ட்ராய்டு சண்டையில் விடுபட்ட கேள்வி

அப்பாவுக்குப் புது போன் வாங்க போன மாதம் விழுப்புரத்தில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். கவுன்ட்டரில் இருந்தவருக்கு என் வயசுதான் இருக்கும். மூச்சுவிடாமல் ஒப்பித்தார். "எட்டு ப்ளஸ் எட்டு, பதினாறு ஜிபி ரேம் சார். நூத்தியெட்டு மெகாபிக்சல் கேமரா. ஆறாயிரம் எம்ஏஹெச் பேட்டரி. இந்த ரேட்டுக்கு இதுக்கு மேல ஸ்பெக் கிடையாது சார்."

அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இது எத்தன வருஷம் வரும் தம்பி?"

அவர் சிரித்தார். "அது நீங்க யூஸ் பண்றதுல இருக்கு சார்."

அப்பா அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அவருடைய பழைய போன் 2018-ல் வாங்கியது. ஒரு தடவைகூடக் கீழே விழுந்ததில்லை. ஸ்க்ரீனில் கீறல் இல்லை. போன் பேசலாம், பாட்டு கேட்கலாம், எல்லாம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் வங்கி ஆப்பைத் திறந்தால், இந்த ஆண்ட்ராய்டு பதிப்பில் இனி இயங்காது என்று ஒரு அறிவிப்பு. பென்ஷன் வந்துவிட்டதா என்று அவர் பார்ப்பதே அந்த ஆப்பில்தான். "போன் நல்லாத்தானே இருக்கு, இதுல என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்டார். என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

காரணம், அந்த போனைத் தேர்வு செய்து கொடுத்தவனே நான்தான். அப்போது காலேஜில் முதல் வருஷம். ரேம் எவ்வளவு, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று நாலு மாடலை ஒப்பிட்டுப் பார்த்து, ஸ்பெக் அதிகமாக இருந்ததை வாங்க வைத்தேன். ஆண்ட்ராய்டின் அடுத்த பதிப்பு ஒன்றுகூட அந்த போனுக்கு வரவே இல்லை.

இந்தக் கட்டுரை அந்தக் குற்ற உணர்ச்சியில் எழுதுவது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்மார்ட்போன் பற்றிய பேச்சு நம் ஊரில் எப்போதும் ஒரே மாதிரிதான் போகும். ஆபீஸ் டீ பிரேக்கில் பாருங்கள். ஐபோன் வைத்திருப்பவர், "ஸ்பெக் எல்லாம் ஒரு விஷயமே இல்லப்பா, எக்ஸ்பீரியன்ஸ்தான்" என்பார். ஆண்ட்ராய்டு கட்சிக்காரர், "அதே காசுக்கு எங்ககிட்ட டபுள் ரேம், பெட்டியிலேயே சார்ஜர்" என்பார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, விழுப்புரம் கடையில் அப்பா கேட்ட கேள்விக்குள் இருக்கிறது.

2 ஜிபியும் 6 ஜிபியும்

2016 ஜூனில் ஒன்பிளஸ் 3 வந்தது. 6 ஜிபி ரேம். விலை 27,999 ரூபாய். லேப்டாப்களிலேயே 4 ஜிபி சாதாரணமாக இருந்த காலம் அது. அதே வருஷம் செப்டம்பரில் ஐபோன் 7 வந்தது. அதில் 2 ஜிபி. இந்தியாவில் ஆரம்ப விலையே 60,000 ரூபாய். தாளில் எழுதிப் பார்த்தால் போட்டியே கிடையாது.

ஆனால் ஒன்பிளஸ் 3-ஐ வாங்கியவர்கள் சில நாளிலேயே ஒன்றைக் கவனித்தார்கள். இவ்வளவு ரேம் இருந்தும், பின்னணியில் திறந்து வைத்த ஆப்கள் தானாக மூடிக்கொண்டன. திரும்பிப் போனால் முதலில் இருந்து லோடு ஆனது. பேட்டரியை மிச்சப்படுத்தத்தான் சாஃப்ட்வேரில் இப்படி ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம் என்று நிறுவனம் விளக்கியது. எதிர்ப்பு வந்த பிறகு அப்டேட் விட்டுத் தளர்த்தியது. யோசித்துப் பாருங்கள், காசு கொடுத்து வாங்கிய ரேமைப் பயன்படுத்த சாஃப்ட்வேரின் தயவு வேண்டியிருந்தது.

சரி, ஐபோன் எப்படி 2 ஜிபியை வைத்துச் சமாளித்தது? ரெண்டு மெஸ்ஸைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் மெஸ்ஸில் ஒருவர் சாப்பிட்டு எழுந்த அந்த நொடியே இலையை எடுத்து மேஜையைத் துடைத்துவிடுவார்கள். அடுத்த ஆள் உடனே உட்காரலாம். இரண்டாவது மெஸ்ஸில் இலை எடுப்பவர் அவ்வப்போது ஒரு சுற்று வருவார். அவர் வரும்வரை காலி இலைகள் மேஜையிலேயே கிடக்கும். கூட்டம் ஒன்றுதான், ஆனால் இரண்டாவது மெஸ்ஸுக்கு மேஜை அதிகமாக வேண்டும். ஐஓஎஸ் ஆப்கள் முதல் மெஸ் மாதிரி. ஒரு தரவு இனி யாருக்கும் தேவையில்லை என்றானதும் அந்த இடம் அப்போதே காலியாகும். ஆண்ட்ராய்டு ஆப்கள் பெரும்பாலும் இரண்டாவது மெஸ். அதில் குப்பை சேர்ந்த பிறகு பெருக்கும் முறை.

இன்னொன்றும் இருக்கிறது. ஐஓஎஸ்ஸில் நீங்கள் ஓர் ஆப்பைவிட்டு வெளியே வந்தால், அது கிட்டத்தட்ட உறைந்த நிலைக்குப் போய்விடும். ஆண்ட்ராய்டு, ஆப்களுக்குப் பின்னணியில் வேலை செய்ய அதிகச் சுதந்திரம் கொடுத்து வளர்ந்த தளம். (பெரிய ஃபைலை டவுன்லோடு போட்டுவிட்டு வேறு ஆப்புக்குப் போன ஐபோன்காரர்களிடம் கேளுங்கள், அந்தச் சுதந்திரத்தின் அருமை தெரியும்.) அதனால் ஐபோனின் 8 ஜிபியையும் ஆண்ட்ராய்டின் 12 ஜிபியையும் பக்கத்தில் வைத்து எது பெரியது என்று கேட்பதில் அர்த்தமில்லை. ஐபோனின் அதிகாரப்பூர்வ விவரப் பக்கத்தில் ஆப்பிள் ரேம் அளவைப் போடுவதே இல்லை.

ஆண்ட்ராய்டு பக்கம் இதற்கு நேர் எதிர். இல்லாத ரேமையும் சேர்த்துப் போடுகிறார்கள். விழுப்புரம் கடையில் சொன்ன "எட்டு ப்ளஸ் எட்டு" அதுதான். நிஜமான ரேம் 8 ஜிபி. மீதி 8, போட்டோவும் வீடியோவும் வைக்கிற ஸ்டோரேஜில் இருந்து கடன் வாங்கியது. ரேம் நிரம்பும்போது கொஞ்சம் சரக்கை அங்கே இறக்கி வைப்பார்கள். தொழில்நுட்பம் பொய்யில்லை, கம்ப்யூட்டரில் பல வருஷமாக இருக்கும் ஏற்பாடுதான். ஆனால் ஸ்டோரேஜின் வேகம் ரேமின் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. பெட்டியில் 16 என்று பெரிய எழுத்தில் போட்டு, மேலே பொடியாக ஒரு நட்சத்திரக் குறி வைப்பதை என்னவென்று சொல்வது? என்னைக் கேட்டால் ஏமாற்று என்றே சொல்வேன்.

இனி 2016-ன் அந்த இரண்டு போன்களும் எப்படி முடிந்தன என்று பார்ப்போம். ஒன்பிளஸ் 3 ஆண்ட்ராய்டு 6-ல் தொடங்கி, 2019-ல் ஆண்ட்ராய்டு 9 வாங்கியதோடு நின்றது. அன்றைய ஆண்ட்ராய்டு உலகத்தில் அதுவே நல்ல பிள்ளை. ஐபோன் 7, ஐஓஎஸ் 10-ல் தொடங்கி 2021-ல் ஐஓஎஸ் 15 வரை வாங்கியது. அதற்குப் பிறகும் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்தன. கடையில் 6 ஜிபி ஜெயித்தது. ஐந்தாவது வருஷத்தில் 2 ஜிபிதான் அப்டேட் வாங்கிக்கொண்டிருந்தது.

ஸ்ரீபெரும்புதூருக்குத் தெரிந்த கதை

ஹார்டுவேர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தளம் செத்தால் என்ன ஆகும்? இதைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

2012-ல் நோக்கியா 808 ப்யூர்வியூ வந்தது. 41 மெகாபிக்சல் கேமரா. மற்றவர்கள் 8 மெகாபிக்சலில் நின்றுகொண்டிருந்த நேரம். வெறும் எண் ஜாலமும் இல்லை, சென்சாரே பெரியது. ஆனால் அதில் ஓடியது சிம்பியன். அந்தத் தளத்தைக் கைகழுவுவதாக நோக்கியா முந்தைய வருஷமே சொல்லியிருந்தது. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட்டோடு கைகோத்து விண்டோஸ் போனுக்கு மாறுவதாக அறிவித்தாகிவிட்டது. அன்றைய உலகின் மிகச்சிறந்த கேமரா போன், முடிவு எழுதப்பட்ட தளத்தில் வந்து இறங்கியது.

விண்டோஸ் போனும் மோசமில்லை. லூமியா 520-ல் ரேம் வெறும் 512 எம்பி. அதே விலை ஆண்ட்ராய்டுகள் திணறிக்கொண்டிருந்தபோது அது வழுக்கிக்கொண்டு ஓடும். என் பெரியப்பா மகன் ஒன்று வைத்திருந்தான், வீட்டில் எல்லோரும் வாங்கித் தேய்த்துப் பார்ப்போம். குறை ஒன்றே ஒன்று: ஆப் இல்லை. இன்ஸ்டாகிராமே அதற்கு 2013 கடைசியில்தான் வந்தது. பயன்படுத்துபவர்கள் குறைவு என்று ஆப் செய்பவர்கள் வரவில்லை. ஆப் இல்லை என்று பயன்படுத்துபவர்கள் வரவில்லை. 2019 டிசம்பர் 31-ஓடு வாட்ஸ்அப்பும் கடையைக் கட்டியது.

இதற்கு நடுவில், 2014 நவம்பர் 1-ம் தேதி ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை மூடப்பட்டது. நோக்கியாவின் போன் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்தத் தொழிற்சாலை ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றுவிட்டது. மூடியதற்கு நேரடிக் காரணம் வரிப் பிரச்சினையும் ஆர்டர் நின்றதும். ஆனால் நோக்கியா தன் போன் பிரிவையே விற்கும் நிலைக்கு வந்ததற்குக் காரணம், ஐபோன், ஆண்ட்ராய்டு என்ற இரண்டு தளங்களுக்கு எதிரே அதற்கென்று ஒரு தளம் நிலைக்காமல் போனதுதான். அங்கே வேலை பார்த்த ஆயிரக்கணக்கானவர்கள் செய்துகொடுத்த ஹார்டுவேரில் ஒரு குறையும் இல்லை.

2019-ல் ஹுவாவே கதையும் இதே ரகம். அமெரிக்கத் தடைக்குப் பிறகு வந்த மேட் 30 வரிசையில் கேமரா, சிப், பேட்டரி எல்லாம் முதல் தரம். கூகுள் ப்ளே ஸ்டோர் மட்டும் இல்லை. சீனாவுக்கு வெளியே அதை யார் வாங்குவார்கள்?

அப்போ ஸ்பெக் தேவையே இல்லையா?

இங்கேதான் ஐபோன் நண்பர்களோடு எனக்குச் சண்டை. "ஸ்பெக் முக்கியமில்லை" என்பது எழுபது, எண்பதாயிரத்துக்குப் போன் வாங்குகிறவர்கள் சொல்லக்கூடிய வசனம். அந்த விலையில் எதை வாங்கினாலும் சிப் போதும் போதும் என்று இருக்கும். பத்தாயிரத்துக்கு வாங்குபவருக்கு அப்படி இல்லை.

பட்ஜெட் போனில் பலரும் பார்க்காத ஒரு வரி, ஸ்டோரேஜ் எந்த வகை என்பது. பழைய வகையான இஎம்எம்சி என்றால், படிக்கும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 250 எம்பி. யுஎஃப்எஸ் 2.2 என்றால் 1,000 எம்பி பக்கம். உயர்ரக போன்களில் இருக்கும் யுஎஃப்எஸ் 4.0 நொடிக்கு 4,000 எம்பியைத் தாண்டும். இரண்டு போனிலும் பெட்டியில் 128 ஜிபி என்றுதான் போட்டிருக்கும். ஆனால் ரெண்டு வருஷம் கழித்து, ஸ்டோரேஜ் முக்கால்வாசி நிரம்பி, ஆப்களும் பெருத்த பிறகு, கேமராவைத் திறந்தால் குழந்தை சிரித்து முடித்த பிறகு படம் எடுப்பது எந்த போன் என்று தெரியும். அந்த விலையில் ஸ்பெக் முக்கியமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முக்கியமான ஸ்பெக்கை விளம்பரத்தில் போடுவதில்லை, அவ்வளவுதான். 108 மெகாபிக்சலோடு எண்ணிக்கைக்குச் சேர்த்த 2 மெகாபிக்சல் கேமராக்களைப் போடுவார்கள், ஸ்டோரேஜ் வகையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஐபோனுக்கும் இந்த விதியில் விலக்கு கிடையாது. 2008-ல் வந்த ஐபோன் 3ஜி-யில் ரேம் 128 எம்பி. 2010-ல் ஐஓஎஸ் 4 அதற்கும் கொடுக்கப்பட்டது. போன் நகரவே மறுத்தது. 4.1 அப்டேட்டில் கொஞ்சம் சரிசெய்ய வேண்டியிருந்தது. சாஃப்ட்வேர் வருஷா வருஷம் கனமாகிக்கொண்டே போகும். சுமக்க ஹார்டுவேரில் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும்.

சமீபத்திய உதாரணம் இன்னும் சுவாரஸ்யம். 2023 செப்டம்பரில் ஐபோன் 15 இந்தியாவில் 79,900 ரூபாய்க்கு வந்தது. ரேம் 6 ஜிபி. அடுத்த வருஷமே ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் என்ற ஏஐ வசதிகளை ஆப்பிள் அறிவித்தது. ஐபோன் 15-க்கு அது இல்லை. அதனோடு சேர்ந்து வந்த 8 ஜிபி ஐபோன் 15 ப்ரோவுக்கு உண்டு. ஐபேடில் 2020-ம் வருஷத்து எம்1 சிப்புக்குக்கூட உண்டு, அதிலும் குறைந்தது 8 ஜிபி ரேம். கோட்டை எங்கே போட்டிருக்கிறார்கள் என்று கண்ணுக்கே தெரிகிறது. "ரேம் எல்லாம் பார்க்கக் கூடாது" என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்த கூட்டம், எண்பதாயிரம் ரூபாய் போன் ஒரே வருஷத்தில் வரிசைக்கு வெளியே நின்றதைப் பார்த்தது. அந்த ஏஐ வசதி இல்லாமல் யாரும் செத்துவிடப்போவதில்லை, அது வேறு.

ஆக, ஸ்பெக் என்பதை நான் இப்போது கொஞ்சம் வேறு மாதிரிப் பார்க்கிறேன். இன்றைக்கு எவ்வளவு வேகம் என்பதைவிட, எத்தனை வருஷத்துச் சாஃப்ட்வேரை இது தாங்கும் என்பதற்கான சேமிப்பு அது. அந்தச் சேமிப்பைச் செலவு செய்ய விடுவதா வேண்டாமா என்ற முடிவு உங்கள் கையில் இல்லை. தளத்தை நடத்துபவர் கையில் இருக்கிறது.

வாங்கிய பிறகும் மாறும் எண்

பேட்டரி விஷயத்தில் இது நன்றாகத் தெரியும். 2017 டிசம்பரில், பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தை சாஃப்ட்வேர் மூலம் குறைத்ததை ஆப்பிள் ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துவிடாமல் தடுக்கத்தான் செய்தோம் என்பது அவர்கள் தரப்பு. காரணத்தில் நியாயம் இருக்கலாம். சொல்லாமல் செய்ததில் நியாயம் இல்லை. பேட்டரி மாற்றும் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டாலரில் இருந்து 29 டாலராகக் குறைத்தார்கள். 2020-ல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது.

கூகுள் மட்டும் சளைத்ததா? 2025 ஜனவரியில் பிக்சல் 4ஏ போன்களுக்கு ஓர் அப்டேட் விட்டது. அது போன சில போன்களில் பேட்டரி கொள்ளளவே குறைந்துபோனது. காலையில் போட்ட சார்ஜ் மதியம் வரைகூடத் தாங்கவில்லை என்று பயன்படுத்தியவர்கள் புலம்பினார்கள். பேட்டரி மாற்றம், பணம் என்று சில நிவாரணங்களை நிறுவனம் கொடுத்தது. பெட்டியில் 3,140 எம்ஏஹெச் என்று போட்டு விற்ற எண், நாலு வருஷம் கழித்து ஒரு ராத்திரியில் மாறிவிட்டது.

2022-ல் சாம்சங் கேலக்ஸி எஸ்22 விவகாரம் இன்னொரு பக்கம். சாதாரண ஆப்கள் ஓடும்போது வேகத்தைக் கட்டுப்படுத்திய சாஃப்ட்வேர், வேகத்தை அளக்கும் சோதனை ஆப் ஓடும்போது மட்டும் சும்மா இருந்தது. பரீட்சை நேரத்தில் மட்டும் ஒழுங்காக இருக்கும் பையன் கணக்கு. கீக்பெஞ்ச் தளம் அந்த வரிசையைத் தன் பட்டியலில் இருந்தே நீக்கியது.

பால் பாக்கெட்டில் இருக்கும் தேதி

ஆண்ட்ராய்டில் அப்டேட் ஏன் நின்றுபோகிறது? கூகுள் புதுப் பதிப்பை எழுதினால் மட்டும் போதாது. உங்கள் போனில் இருக்கும் சிப்பை உருவாக்கிய நிறுவனம் அதற்கேற்ற மென்பொருளைத் தர வேண்டும். பிறகு போன் நிறுவனம் தன் மேல்பூச்சைச் சேர்த்து, மாடல் மாடலாகச் சோதிக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் யாருக்காவது பழைய மாடலில் லாபம் இல்லை என்று தோன்றினால் கதை முடிந்தது. ஆப்பிளிடம் சிப்பும் தளமும் போனும் ஒரே கையில். அதனால் அங்கே சாக்கு சொல்ல ஆள் இல்லை.

இருந்தாலும் ஆண்ட்ராய்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். 2025-ல் வாட்ஸ்அப், ஐஓஎஸ் 15.1-க்குக் கீழே இருந்த ஐபோன்களைக் கைவிட்டது. நம் ஊரில் பலர் ஆசையாக வாங்கிய ஐபோன் 6 அதில் அடிபட்டது. அதே நேரத்தில் ஆண்ட்ராய்டில் 2014-ல் வந்த பதிப்பு 5 வரை வாட்ஸ்அப் ஓடிக்கொண்டிருந்தது. ஆண்ட்ராய்டு பதிப்பு பழசானாலும் ப்ளே ஸ்டோர் வழியாக நிறைய விஷயங்களை கூகுள் புதுப்பித்துக்கொண்டே இருப்பது ஒரு காரணம். ஆனால் பாதுகாப்புத் திருத்தம் நின்ற போனை வங்கிகள் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். அப்பாவின் போன் மாட்டியது அங்கேதான்.

நிலைமை கொஞ்சம் மாறி வருகிறது. 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்கு ஏழு வருஷ அப்டேட் என்று கூகுள் சொன்னது. 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் அதையே சொன்னது. அந்த வருஷக் கடைசியில் வந்த கேலக்ஸி ஏ16 5ஜி-க்கு ஆறு வருஷம். 18,999 ரூபாய் போனுக்கு இது பெரிய விஷயம். அந்தச் சிப் ஆறாவது வருஷத்தில் எப்படி நடக்கும் என்பது எனக்குச் சந்தேகம்தான், ஆனாலும் வங்கி ஆப் திறக்கும்.

இந்த வருஷக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. ஏழு வருஷம் என்பது பெரும்பாலும் அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளில் இருந்து. நீங்கள் வாங்கிய நாளில் இருந்து இல்லை. தீபாவளி ஆஃபரில் விலை குறைந்த ரெண்டு வருஷப் பழைய மாடலை வாங்கினால், ரெண்டு வருஷம் ஏற்கெனவே கழிந்துவிட்டது. விலையை மிச்சமிருக்கும் வருஷத்தால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, ரெண்டு வருஷ அப்டேட் மிச்சமிருக்கும் 15,000 ரூபாய் போனுக்கு வருஷத்துக்கு 7,500 ஆகிறது. ஏழு வருஷம் மிச்சமிருக்கும் 40,000 ரூபாய் போனுக்கு வருஷத்துக்கு 5,700 பக்கம். நடுவில் ஒரு பேட்டரி மாற்றினாலும் கட்டுப்படியாகும். ஆனால் மொத்தமாக நாற்பதாயிரம் கையில் இருப்பவர்தான் அந்தக் குறைந்த வாடகையை அனுபவிக்க முடியும். கையில் காசு இல்லாதவர் வருஷத்துக்கு அதிகமாகக் கொடுக்கிறார். அவரிடம்தான் "பதினாறு ஜிபி ரேம் சார்" என்று விற்கிறார்கள்.

பால் பாக்கெட்டில் தேதி போடுகிறார்கள். இருமல் மருந்தில் போடுகிறார்கள். பதினைந்தாயிரம் ரூபாய் போனில் ஏன் போடக் கூடாது? முடியாத காரியம் ஒன்றும் இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், பாதுகாப்பு அப்டேட் குறைந்தபட்சம் எவ்வளவு காலம் தருவோம் என்பதை நிறுவனங்கள் வெளியே சொல்லியாக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் தருவோம் என்று எழுதிக் கொடுக்கும் பழக்கமே இல்லாத ஆப்பிள்கூட, ஐபோன் 15 ப்ரோ மேக்ஸுக்குக் குறைந்தது ஐந்து வருஷம் என்று எழுதிக் கொடுத்தது.

ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல் போன்களுக்கு ஃப்ரிட்ஜில் ஒட்டுவது மாதிரி லேபிள். ஒரு சார்ஜில் எத்தனை மணி நேரம், பேட்டரி எத்தனை முறை சார்ஜ் செய்வதைத் தாங்கும், கீழே விழுந்தால் என்ன ஆகும், பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று எல்லாமே அதில் இருக்கும். அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருஷத்துக்கு இயங்குதள அப்டேட் கிடைக்க வேண்டும் என்பதும் விதி. எனக்குத் தெரிந்து உருப்படியான ஸ்பெக் பட்டியல் அதுதான்.

இந்தியாவிலும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் வசதிக்கு மதிப்பெண் போடுவது பற்றி ஒரு குழு அமைத்தது. 2025-ல் அறிக்கையும் வந்தது. போன் பெட்டியில் அது எப்போது ஏறும்? அப்டேட் முடியும் தேதி அச்சிடாமல் இங்கே போன் விற்கக் கூடாது என்று சொல்ல ஒரு அரசாணை போதும். உலகத்துக்கே போன் செய்து அனுப்பும் நாடு என்று பெருமை பேசுகிறோம், இதைக் கேட்கும் தைரியமும் வேண்டும்.

அதுவரை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். போன் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அப்டேட் பக்கத்தைத் தேடுங்கள். மாடல் எப்போது வந்தது என்று பாருங்கள். ஸ்டோரேஜ் வகையைக் கேளுங்கள். நிஜ ரேம் எவ்வளவு என்று கேளுங்கள். பழைய ஐபோனைக் குறைந்த விலைக்கு வாங்குவதும் நல்ல வழிதான், ஆனால் பேட்டரி ஹெல்த் எத்தனை சதவீதம் என்று பார்த்து, புது பேட்டரி காசையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். சர்வீஸ் சென்டர் பக்கத்து ஊரில் இருக்கிறதா, இல்லை சென்னைக்கு பஸ் ஏற வேண்டுமா என்பதும் ஒரு ஸ்பெக்தான்.

அந்தக் கடையில் நாங்கள் பதினாறு ஜிபி போனை வாங்கவில்லை. நான் போனில் தேடித் தேடி, ரேம் குறைவாக, கேமரா சுமாராக, ஆனால் 2030 வரை பாதுகாப்பு அப்டேட் என்று போட்டிருந்த ஒன்றைக் காட்டினேன். கவுன்ட்டரில் இருந்தவருக்கு அவ்வளவாகத் திருப்தி இல்லை. "இதுல ஸ்பெக் கம்மி சார்" என்றார் ரெண்டு தடவை. பில் போடும்போது அப்பா அவரிடமே பேனா வாங்கி, பெட்டியின் மேல் 2030 என்று பெரிதாக எழுதிக்கொண்டார்.

பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கேட்டோம், எழுநூறு ரூபாய் என்றார்கள். அம்மா தரவில்லை. இப்போது சமையல்கட்டில் மிக்ஸிக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. காலையில் சுப்ரபாதம், அப்புறம் இளையராஜா. ஒரு தடவைகூட ஹேங் ஆனதில்லை.